பந்தியில் ஓர் இடம்

சமையல் போட்டி வருகிற கதைகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. போட்டி என்று வந்துவிட்டால் சாப்பாடு சாப்பாடாக இருப்பதில்லை, மார்க்காகிவிடுகிறது. ருசி பார்க்க வருகிறவருக்குப் பசி கிடையாது. ஒரு கரண்டி எடுத்து, நாக்கில் வைத்து, அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். சிறுவர் கதையில் இது இன்னும் மோசம். ரெண்டு பிள்ளைகள் சிநேகிதம், போட்டி வருகிறது, மனஸ்தாபம் வருகிறது, கடைசியில் ஜெயிப்பதைவிட நட்புதான் பெரிது என்று முடிகிறது. விடை முன்கூட்டியே தெரிந்த பரீட்சையில் யாருக்கு என்ன பதற்றம் இருக்கப்போகிறது?

சாதியா ஃபரூக்கியும் லாரா ஷோவனும் சேர்ந்து எழுதி 2020இல் வெளியான ‘எ பிளேஸ் அட் த டேபிள்’ நாவலை இந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு படிக்கும் இரண்டு பெண்களின் கதை. சாரா பாகிஸ்தானிய வம்சாவளி. சிறிய இஸ்லாமியப் பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு அப்போதுதான் மாறியிருக்கிறாள். எலிசபெத் யூதக் குடும்பத்துப் பெண். இங்கிலாந்திலிருந்து வந்த அவளுடைய அம்மா மனச்சோர்வில் இருக்கிறார், வீட்டில் சமையல் நின்றுபோயிருக்கிறது. பள்ளி விட்டபிறகு நடக்கும் தெற்காசியச் சமையல் வகுப்பில் இருவரும் சந்திக்கிறார்கள். ஜோடியாகச் சேர்ந்து, இரண்டு வீட்டு ருசியும் கலந்த ஒரு பண்டம் செய்து, உள்ளூர் சமையல் நிகழ்ச்சி ஒன்றில் இடம்பிடிக்க வேண்டும் என்பது திட்டம்.

இங்கே எனக்கு முதலில் பிடித்த விஷயம், சாராவுக்குச் சமையல் பிடிக்காது என்பது. வகுப்பு நடத்துவது அவள் அம்மா, அதனால் வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். புலம்பெயர்ந்தோர் கதைகளில் மசாலா வாசம் வந்தாலே பூர்வீக ஞாபகம் பொங்கிவிடும். இந்தப் பெண்ணுக்குப் பொங்குவது எரிச்சல். சொந்த அம்மா தன் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக வந்து நிற்கிற சங்கடம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரியும். அதோடு, மற்றவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கிற வகுப்பு அவள் அம்மாவுக்குப் பிழைப்பு. அம்மாவின் உச்சரிப்பையும் சமையலையும் வகுப்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்ற பயத்தில் அந்தக் குழந்தை பாதி நேரம் அம்மாவுக்குக் காவலாளியாக இருக்கிறாள். எலிசபெத்துக்கோ அந்த வகுப்பு அவசியம். வீட்டில் யாராவது சமைத்தாக வேண்டும், அந்த யாராவது தானாகத்தான் இருக்க வேண்டும் என்று பதினோரு பன்னிரண்டு வயதில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

சரி, நட்புக்குச் சோதனை எங்கே வருகிறது? போட்டியில் என்றுதான் நினைப்போம். இல்லை. எலிசபெத்துக்கு மேடி என்று ஒரு பழைய தோழி இருக்கிறாள். மேடியின் வாயில் சாராவைப் போன்றவர்கள் பற்றி விஷமான பேச்சு வருகிறது. பக்கத்தில் இருக்கும் எலிசபெத்துக்கு அது தப்பென்று தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கமாட்டாள். பழைய சிநேகிதத்தை விடவும் மனசில்லை, புதிய சிநேகிதத்தை இழக்கவும் மனசில்லை. சாராவுக்கு மேடி பேசியதைவிட எலிசபெத் பேசாமல் இருந்ததுதான் வலிக்கிறது. நாவலின் உயிரான இடம் இது. எதிரி பேசுவான், அது அவன் வேலை. கூட இருந்து வெங்காயம் நறுக்கியவள் ஏன் பேசவில்லை என்பதுதான் குழந்தையை ராத்திரி தூங்கவிடாத கேள்வி.

இதை உணர்ந்தபிறகு, போட்டிக்கு வெளியே நாவலில் இன்னொரு பரீட்சையும் இருப்பதைக் கவனித்தேன். இரண்டு அம்மாக்களும் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நாவல் வெளிவந்த சமயத்தில் அந்தத் தேர்வுக்கு 100 கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது. அதிலிருந்து 10 கேள்விகள் வரை கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் போதும். ஒருவர் பாஸானால் இன்னொருவர் ஃபெயிலாக வேண்டும் என்பதில்லை, சேர்ந்து படித்தால் ரெண்டு பேருக்கும் லாபம். சமையல் போட்டியின் கணக்கு வேறு. அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் இடம் இன்னொருவருக்குக் கிடையாது. மகள்கள் போட்டியின் கணக்கிலும் தாய்மார்கள் தேர்வின் கணக்கிலும் இருக்கிறார்கள். நட்பு என்பது இரண்டாவது கணக்கு என்று எந்தப் பாத்திரமும் உபதேசம் பண்ணாமலே கதை அமைப்பு நமக்குச் சொல்லிவிடுகிறது. போட்டிக் கதைகள் மேல் எனக்கிருந்த சந்தேகம் இந்த இடத்தில்தான் கொஞ்சம் தளர்ந்தது.

குறை இல்லாமல் இல்லை. பணக்கஷ்டம், மனநோய், மதம், இனவெறுப்பு, குடியுரிமை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கவேண்டிய கட்டாயம் நாவலுக்கு இருக்கிறது. அதனால் சில உரையாடல்களில் பிள்ளைகள் பேசுவதில்லை, பெரியவர்களின் கவலை பேசுகிறது. இரண்டு பண்பாடும் கலந்த பண்டம் என்கிற யோசனையும் எனக்கு உவப்பானதாக இல்லை. ஹலால் வீடும் யூத வீடும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார அவை ஒரே பாத்திரத்தில் கலந்தாக வேண்டுமா என்ன? அவரவர் சோறு அவரவர் ருசியில் இருக்க, உட்காரும் இடம் பொதுவாக இருந்தால் போதாதா? கலந்தால்தான் அழகு என்பது நடுவர்களின் ஆசை, அது சாராவின் ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

தலைப்பைத் தமிழில் யோசித்துப் பார்த்தேன். மேசை என்று சொன்னால் நமக்கு ஒட்டாது. நம் சொல் பந்தி. பந்தி என்று சொன்ன உடனே பின்னாலேயே ஒரு சரித்திரமும் வந்து நிற்கிறது. 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. வ.வே.சு. ஐயர் நடத்திய பள்ளி அது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துப் பேசியதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தச் சரித்திரத்தைப் படிக்கிறபோது பெரும்பாலும் தலைவர்களின் குரல்தான் காதில் விழுகிறது. வகுப்பில் ஒரே பலகையைப் பார்த்துப் படித்துவிட்டு, சாப்பாட்டு மணிக்கு உள்ளேயும் வெளியேயும் பிரிந்துபோன பையன்கள் மறுபடி சந்தித்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? உள்ளே சாப்பிட்டவனில் ஒருத்தனாவது "நானும் வெளியே வர்றேன்"னு சொன்னானா?

இந்தக் கேள்விகளைக் கேட்க சரித்திரத்தைவிடச் சிறுவர் இலக்கியத்துக்குத்தான் வசதி அதிகம். ஃபரூக்கியும் ஷோவனும் எலிசபெத்தை வைத்துக் கேட்பது இதைத்தான். நல்லவளாக இருப்பது போதாது, சரியான நேரத்தில் வாயைத் திறக்கவும் வேண்டும் என்று பிரசங்கம் பண்ணாமல், அதற்கு ஒரு குழந்தை கொடுக்கவேண்டிய விலையைக் காட்டுகிறார்கள். அந்த விலை ஒரு பழைய சிநேகிதம். பெரியவர்களில் எத்தனை பேர் அதைக் கொடுத்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தால் புத்தகத்தை மூடிவைக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.

போட்டியில் ஜெயித்தது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. வீட்டில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளை இருந்தால் கையில் கொடுத்துப் பாருங்கள். முடித்த உடனே "யாரு ஜெயிச்சா?" என்று கேட்காதீர்கள். "எலிசபெத் இடத்துல நீ இருந்தா பேசியிருப்பியா?" என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தவும் வேண்டாம்.