அச்சில் ஏறிய வதந்தி

கப்பலூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன், திருமலை நாயக்கரைப் பற்றிக் கல்லூரிக்காக எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினான். நாயக்கர் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தார் என்று பட்டர்கள் அவரை நிலவறைக்குள் இறக்கிக் கல்லை மூடிக் கொன்றார்களாம். ஆதாரம்? 1868-ல் நெல்சன் துரை அச்சிட்ட மதுரைச் சரித்திரம். இங்கிலீஷ் புத்தகம் வேறு, சந்தேகப்படலாமா?

நெல்சன் கெட்டிக்காரர்தான். ஆனால் நாயக்கர் இறந்தது 1659-ல். இருநூறு வருஷம் கழித்து, ஊரார் சொல்லும் கதை என்றே அதை அவர் எழுதிவைத்தார். கேட்டதை அச்சடித்தால் கண்டதாகிவிடுமா?

நாயக்கர் காலத்தில் இங்கிருந்த ஏசுசபைப் பாதிரிமார் தங்கள் மேலிடத்துக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார்கள். 1924-ல் வந்த சத்தியநாதையரின் நாயக்கர் சரித்திரத்தில் அவற்றில் பலவற்றின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அவர்களுக்கு நான் ஜாமீன் நிற்கவில்லை. பாதிரியார் கண்ணுக்குப் படுவது பாதிரியார் கண்ணுக்குப் படுவதுதான். என்றாலும், ராஜா தங்கள் பக்கம் சாய்ந்து அதற்காக உயிரையும் விட்டிருந்தால் அதை முதலில் எழுதுகிறவர்கள் அவர்கள்தானே? அதையல்லவா முதலில் புரட்டியிருக்க வேண்டும்!

அதற்காக நிலவறைக் கதையைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. (சொன்னால் என் பிழைப்பு என்னாவது?) நாயக்கர் எப்படி இறந்தார் என்பதற்கு அது சாட்சியாகாது. அவர் சாவைப் பற்றி மதுரை ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதுவதாயிருந்தால், தாராளமாக நெல்சனிடமே போகலாம்.