முதலாளியும் வாத்தியாரும்

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் புத்தகமாக வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பாஷையைப் பற்றியே பேசுகிறார்கள். மலையாளமும் அரபும் கலந்த தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு; புகழ வேண்டியதுதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த ஊருக்கு வருகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடம்.

நம் நாவல்களில் பள்ளிக்கூடம் எழும்பி மணி அடித்துவிட்டால் ஊர் விடிந்துவிட்டதாக வைத்துக்கொள்வது வழக்கம். மீரான் அப்படி ஏமாறவில்லை. வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளிக்குப் பள்ளிக்கூடம் ஆகாது. இங்கிலீஷ் படிப்பு மார்க்கத்துக்கு விரோதம் என்று பேச்சுக் கிளம்புகிறது. வெளியூரிலிருந்து வந்த மெஹ்பூப்கான் என்ற வாத்தியாருக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

இத்தனைக்கும் தேங்காய்ப்பட்டணம் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. பிரஜைகளின் கல்விச் செலவு முழுவதும் சர்க்காருடையது என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-லேயே உத்தரவு போட்ட ராஜ்யம் அது. காகிதத்தில் குறையே இல்லை. தென்னந்தோப்பும் கடனும் முதலாளி கையில் இருக்கும்போது பிள்ளையை அனுப்பத் தகப்பனுக்குத் தைரியம் வரவேண்டாமா? பள்ளிக்கூடத்தை இடிக்க முதலாளி ஆள் விட வேண்டியதில்லை. பெஞ்சு காலியாகக் கிடந்தால் போதும். இதைக் கண்டு சொன்னதுதான் இந்த நாவலின் பெரிய பலம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய கதைதானே என்று தள்ள முடியவில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கில் கன்னியாகுமரி ஜில்லாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 91.75, தமிழ்நாட்டிலேயே முதலிடம். முதலாளி தோற்றுத்தான் போனார். ஆனால் அவருடைய ஆயுதம் துருப்பிடிக்கவில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்பு ஐந்து, வாத்தியார் இருவர். ஒருவர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பாடம் சொல்லும்போது மற்ற இரண்டையும் எழுதிக்கொண்டிருக்கச் சொல்கிறார். அவர்களில் ஒருவர் லீவு போட்டால் என்ன கதி என்று கேட்கவே வேண்டாம். பிள்ளை குறைந்தால் உபரி என்று ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஆசிரியர் குறைந்தால் படிப்புக் குறைகிறது. படிப்பு சரியில்லை என்று மிச்சப் பிள்ளைகளும் கட்டணப் பள்ளிக்கு நகர்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் பலவீனத்தையே காரணமாகக் காட்டி அதை மேலும் பலவீனமாக்குகிற ஏற்பாடு. யாரும் தடுக்கவில்லை, யாரும் பயமுறுத்தவில்லை. பெஞ்சு மட்டும் காலி.

இங்கிலீஷ் என்ற வார்த்தை செய்கிற வேடிக்கையைப் பாருங்கள்! அன்று பிள்ளைகளைப் பள்ளிக்குப் போகவிடாமல் நிறுத்தியது இங்கிலீஷ். 2012-13-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தார்கள்; அதே இங்கிலீஷைக் காட்டியாவது பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்றுதான். தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் தனித்தனியே ஆசிரியர் கிடைத்தார்களா என்பதை அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நாவலில் எனக்குக் குறை ஒன்று உண்டு. முதலாளியின் வீடு அறை அறையாக நமக்குத் தெரிகிறது. வகுப்பறை அப்படித் தெரியவில்லை. மெஹ்பூப்கான் நல்ல மனிதர் என்று நம்புகிறோம். நல்ல வாத்தியாரா? கரும்பலகை முன்னால் அவர் எப்படி நிற்பார், கடற்கரைப் பையன் 'ஏ, பி' எழுதக் கையை எப்படிப் பழக்கினார், மழைநாளில் எத்தனை பேர் வந்தார்கள்? இதையெல்லாம் எழுத மீரானுக்குக் கை இல்லாமலில்லை. மலையாள வழியில் படித்துவிட்டுத் தமிழில் நாவல் எழுதி, 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றவர் அவர். பள்ளிக்கூடம் ஒரு மனிதனுக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காமல் விட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? முதலாளியின் வீழ்ச்சியில் நாவலுக்கு இருக்கிற கவர்ச்சி வாத்தியாரைக் கொஞ்சம் ஓரத்தில் தள்ளிவிட்டது. எனக்கு அந்த ஓரத்தில் இன்னும் இருபது பக்கம் வேண்டியிருந்தது.