மந்திரத் தோட்டாவா?

புற்றுநோய் உயிரணுக்களை மட்டும் தேடிச் சென்று கொல்லும் 'மந்திரத் தோட்டா' என்று கொழுப்புக் குமிழ் மருந்துகளைப் புகழும் கட்டுரைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். இப்புகழ்ச்சி பொருந்துமா?

1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் மருந்தைப் பாருங்கள். டாக்சோரூபிசின் என்னும் பழைய மருந்தையே சுமார் 100 நானோமீட்டர் விட்டமுள்ள கொழுப்புக் குமிழ்களில் அடைத்திருக்கிறார்கள். குமிழ் எதையும் தேடுவதில்லை; இரத்தத்தோடு சுற்றுகிறது. பல கட்டிகளின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் இடைவெளிகள் அதிகம். அவற்றின் வழியே ஒரு சிறு பகுதி கசிந்து தங்குகிறது. உயிரணுவின் டி.என்.ஏ.வைத் தாக்குவது மருந்தே, குமிழன்று.

பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. நோயைக் கட்டுப்படுத்துவதில் குமிழ் மருந்தும் சாதாரண மருந்தும் ஏறத்தாழச் சமம். இதயப் பாதிப்போ குமிழ் மருந்தில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் புண்படும் தொல்லை 48 விழுக்காட்டினருக்கு வந்தது. சாதாரண மருந்தில் 2 விழுக்காடே. கட்டியை மட்டும் தேடும் தோட்டா தோலைச் சுடுமா?

இதயத்தைக் காப்பது பெரிய வெற்றிதான். அதை உள்ளபடி எழுதினால் போதும். நகையை விற்றேனும் மருந்து வாங்கத் துடிக்கும் குடும்பத்துக்கு வேண்டுவது மந்திரமன்று, உண்மை.