பனிமூட்டத்தின் புளிப்பு

ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக்குச் சொந்தக் குணம் கிடையாது, செய்கிறவன் கை எப்படியோ அப்படித்தான் ஒயினும் என்று ஒரு பேச்சு ரசிகர்களிடையே வெகு நாளாக உண்டு. பாதி உண்மை. மூக்கைத் துளைக்கும் வாசனை இந்தத் திராட்சைக்கு இல்லைதான். ஆனால் விளைந்த இடத்தின் குளிரையும் வெயிலையும் மறைக்காமல் சொல்வதே இதன் குணம் என்பது என் கட்சி. சொல்லவிட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் விடுவதில்லை.

பிரெஞ்சு தேசத்துப் பர்கண்டி இதன் பிறந்தகம். 1999இல் மரபணுச் சோதனை செய்து பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் குலப்பெருமை மிக்க பினோ. மறுபக்கம் குவே பிளாங் என்ற, யாரும் மதிக்காத குடியானவர் வீட்டுக் கொடி. நாவல் எழுதுகிறவனுக்கு ஆசையூட்டும் குடும்பக் கதைதான். ஆனாலும் எனக்கு இங்கே முக்கியம் கலிபோர்னியாவின் சோனோமாக் கடற்கரை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிறது அது. கோடையிலும் அங்கே கடல் குளிர்ந்தே கிடக்கிறது. காற்று மேல்நீரை அப்பால் தள்ளுவதால் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் பனிமூட்டம் படிகிறது. உள்நாட்டுச் சமவெளி பகலெல்லாம் காய்ந்து சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று மலை இடுக்குகள் வழியே உள்ளே பாய்கிறது. பெட்டலூமா இடுக்கு அப்படி ஒரு வாசல். மாலையில் நுழையும் பனி மறுநாள் முற்பகலில்தான் விலகும். இரவெல்லாம் குளிரில் கிடக்கும் பழத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. புளிப்பு கரைந்துபோகாமல் தங்குகிறது.

கரையை ஒட்டிய போர்ட் ராஸ் - ஸீவியூ இன்னும் விசேஷம். தோட்டங்கள் பெரும்பாலும் 920 அடிக்கு மேலே, பனிமூட்டத்தைத் தாண்டி நிற்கின்றன. காலடியில் வெண்மேகம், தலைக்கு மேல் வெயில், நடுவில் குளிர்ந்த காற்று. வெயில் பழுக்க வைக்கிறது. குளிர் அவசரப்படாதே என்கிறது.

உள்நாட்டு வெப்பப் பள்ளத்தாக்கின் ஷார்டனேயையும் இந்தக் கரையின் ஷார்டனேயையும் அடுத்தடுத்துச் சுவைத்திருக்கிறேன். முன்னதில் பழுத்த அன்னாசி, வெண்ணெய், வனிலா. முதல் வாயில் பிரமாதம், மூன்றாம் வாயில் அலுப்பு. பின்னதில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், முடிவில் ஒரு மெல்லிய உப்புக் கரிப்பு. கடற்காற்று உப்பைத் தூவிவிட்டுப் போனது என்று விற்பனைக்காரர்கள் சொல்லும் கதையை நான் நம்பவில்லை. கரிப்பு மட்டும் இருந்தது.

மது அருந்தாத வாசகர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூட வேண்டியதில்லை. காப்பியில் சிக்கரி எவ்வளவு என்று சண்டை போடுகிறவர்களுக்கு இந்த வழக்கு புரியாமல் போகாது. வனிலா வாசனை பெரும்பாலும் புதிய ஓக் பீப்பாய் கொடுப்பது. வெண்ணெய் வாசனை வேறு வழியில் வருகிறது. தயிர் தோய்க்கும் பாக்டீரியாவுக்கு உறவுக்காரர்களான சில கிருமிகள், ஆப்பிளில் இருக்கும் கூரிய மாலிக் அமிலத்தைப் பாலுக்குரிய மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்போது டயாசிடைல் என்ற பொருளும் உண்டாகிறது. வெண்ணெய்க்கு மணம் தருவதும் அதுதான். இரண்டுமே குற்றமல்ல; கரையோரத்தில் நல்ல ஒயின் செய்கிறவர்களும் இரண்டையும் கையாளுகிறார்கள். புளிப்பு முதுகெலும்பாக நின்றால் அந்தச் சதை அழகு. முதுகெலும்பில்லாத சதையைத்தான் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கலிபோர்னியா மலைமலையாக விற்றது. ஷார்டனே தவிர எது வேண்டுமானாலும் கொடு என்று கேட்கிற கூட்டமே உருவாயிற்று.

அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 2011 முதல் 2016 வரை ‘சமநிலையைத் தேடி’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் நடந்தது. கல்கத்தாவில் பிறந்த ரஜத் பாரும், ஸீவியூ மலைத் தோட்டக்காரரின் மகள் ஜாஸ்மின் ஹிர்ஷும் அதைத் தொடங்கினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் இந்த மோஸ்தரில் சிலர் பழம் பழுக்குமுன்பே பறித்துவிட்டு, வெறும் புளிப்பைக் கடற்கரையின் குணம் என்று சாதித்தார்கள். காய் காய்தான்.

எனக்கு உண்மையான கோபம் பெயரில். சோனோமாக் கோஸ்ட் என்று 1987இல் வரையறுத்த பகுதி கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஏக்கர். கடலையே பார்க்காத உள்நாட்டுத் தோட்டங்களும் அதில் அடக்கம். அந்த எல்லைக்குள் 85 சதவிகிதம் திராட்சை விளைந்திருந்தால் சீசாவில் அந்தப் பெயரைப் போடலாம். பெயர் யாருக்குச் சேர்கிறது என்பது சின்ன விஷயமல்ல. 1976இல் பாரிஸில், சீசாவின் பெயரை மறைத்து நடத்திய போட்டியில் பிரெஞ்சு நடுவர்கள் வெள்ளை ஒயினில் முதலிடம் கொடுத்தது ஷாட்டோ மான்டெலினாவின் 1973 ஷார்டனேக்கு. அதிலிருந்த திராட்சையில் பெரும்பங்கு சோனோமாவில் விளைந்தது. புகழோ பக்கத்திலுள்ள நாபாவுக்குப் போயிற்று.

கரையோரக்காரர்கள் வெகுகாலம் வாதாடி, 2022இல் மேற்கு சோனோமாக் கோஸ்ட் என்று தனிப் பெயர் வாங்கினார்கள். சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கர். கொடி நட்டிருப்பது ஆயிரம் ஏக்கர் சொச்சம்தான். விலை கையைக் கடிக்கிறது. ஆனாலும் சீசாவில் அந்த ‘மேற்கு’ என்ற சொல் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இல்லாவிட்டால், எந்தத் தோட்டம், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கடைக்காரரைக் கேட்பேன்.