முதல் பேசும்படத்தின் மொழி: ‘காளிதாஸ்’ (1931)

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படம் எனத் திரைப்பட வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அர்தேஷிர் இரானியின் தயாரிப்பில் எச். எம். ரெட்டி இயக்கிய இப்படம் பம்பாயில் உருவானது. மௌனப் படங்களில் நடித்திருந்த டி. பி. ராஜலட்சுமி இதில் தலைவியாகத் தமிழில் பேசினார், தலைவன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் விடையளித்தார்; துணை மாந்தர் பேச்சில் இந்தியும் கலந்தது. இதனைத் ‘தமிழ்ப்படம்’ என்பது எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இதனை ஓர் அமெரிக்கப் படத்தோடு ஒப்பிடலாம். மௌனப்பட நடிகை கிரெட்டா கார்போ முதன்முதலாகப் பேசிய ‘அன்னா கிறிஸ்டி’ 1930இல் வெளிவந்தது. யூஜின் ஓ நீலின் நாடகத்தைத் தழுவிய இப்படத்தை ஆங்கிலத்தில் கிளாரன்ஸ் பிரவுன் இயக்கினார். பின்னர் ழாக் ஃபெய்தேர் கார்போவையே தலைவியாகவும் பிறரைத் துணை மாந்தராகவும் கொண்டு ஜெர்மன் வடிவத்தை எடுத்தார். அங்கே மொழிக்கொரு படம். இங்கே ஒரு படத்துள் பல மொழி. முன்னது மொழிபெயர்ப்பு, பின்னது மொழிபெயர்ப்பின்றியே நிகழ்ந்த உரையாடல்.

இவ்வுரையாடலைத் தொழில்நுட்பம் முதிராக் காலத்தின் குறை என ஒதுக்குவது பொருந்தாது. ஒலிப்பதிவுக் கருவி பன்மொழிப் பேச்சைக் கோருவதில்லை. நடிகரின் மொழியறிவும், தமிழரும் தெலுங்கரும் சேர்ந்து வாழ்ந்த சென்னை மாகாணச் சூழலும் இதற்குக் காரணமாகலாம். கதை மக்கள் அறிந்ததாகையால் சொல் விளங்காவிடத்தும் பொருள் விளங்கியிருக்கும். காளிதாசர் பற்றிய மரபுக்கதையிலேயே, கல்லா இடையனின் சைகைகளுக்கு அறிஞர் தாமே பொருள் கற்பிக்கின்றனர். பேச்சு முழுதும் விளங்காதபோது பொருளை நிறைவு செய்யும் பணி கேட்போரையே சாரும் என்பதற்கு அக்கதையும் சான்றாகிறது.

ராஜலட்சுமியின் நிலையும் கருதத்தக்கது. கார்போவின் அயல் ஒலிப்பு, சுவீடிய மரபினளான கதைத்தலைவிக்கு இயைந்தது. நாடக மேடையில் பாடிப் பழகிய ராஜலட்சுமிக்கோ குரலே முதலீடு. மௌனப்படம் மறைத்த அத்திறனைப் பேசும்படம் மீட்டளித்தது எனலாம்.

படத்தின் படி இன்று கிடைக்கவில்லை. ஆகவே உரையாடலின் நடை பற்றி முடிவு கூற இயலாது. எனினும் ‘முதல் தமிழ்ப் பேசும்படம்’ என்பதினும் ‘தமிழ் ஒலித்த முதல் முழுநீளக் கதைப்படம்’ என்பதே பொருத்தமான வழக்காகும். ஒரு மொழிக்கு முதன்மை தேடும் ஆர்வத்தில், அருகிருந்து ஒலித்த பிற மொழிகளை மறைத்துவிடலாகாது.