நண்டும் கஞ்சியும்

உணவைப் பற்றி எழுதப்படுவதும் எழுத்தே. ஆகவே அதுவும் விமர்சனத்துக்கு உட்பட்டதே.

2025 ஆகஸ்டில் கொழும்பின் 'சிட்டி ஒவ் ட்ரீம்ஸ்' மாளிகையில் சூதாட்ட அரங்கு திறக்கப்பட்டது. மக்காவோ, லாஸ் வேகாஸ், சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிட்டோம். அத்தகைய நகரங்களில் உண்டு களித்தோர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. விளக்கொளி வர்ணிக்கப்படும், சமையற்காரரின் கைவண்ணம் போற்றப்படும், விலையும் பெருமையோடு கூறப்படும். அந்த விருந்து எதற்காக என்பது மட்டும் மறைக்கப்படும். 1940களில் லாஸ் வேகாஸின் 'எல் ராஞ்சோ' விடுதி ஒரு டொலருக்கு வயிறார உணவிட்டது தர்ம சிந்தையால் அன்று. சூதாடுபவன் எழுந்து போகாதிருக்கவே.

சிங்கப்பூர் உணவுப்பட்டியல்களில் 'இலங்கை நண்டு' என்பது தரத்தின் முத்திரை. நண்டுக்கு நாடு உண்டு. அதைப் பிடித்தவனுக்குப் பெயர் இல்லை.

அந்தச் சேற்று நண்டு நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளிலும் வாழ்வது. முல்லைத்தீவுத் தொழிலாளி நீரில் இறங்கிப் பிடிப்பது. உயிரோடும் இரு கொடுக்குகளோடும் இருந்தால்தான் அதற்கு நல்ல விலை. ஆகவே நல்லது சந்தைக்குப் போகிறது. கொடுக்கு முறிந்ததே வீட்டு அடுப்புக்கு எஞ்சுகிறது.

அதே நந்திக்கடலோரத்தில், 2009 இல், முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட மக்கள் அரிசியும் உப்பும் நீரும் சேர்ந்த கஞ்சிக்கு வரிசையில் நின்றனர். அதன் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் கஞ்சி காய்ச்சப்படுகிறது. 2024 மே மாதத்தில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், அக்கஞ்சியை வழங்கியவர்கள் கைது செய்யப்பட்டனர். ஒரு நாட்டில் இரண்டு பந்திகள்: ஒன்றுக்கு வரவேற்பு, மற்றதற்கு விலங்கு!

சூதாட்ட மாளிகை அந்நியச் செலாவணி தரும், வேலை தரும் என்பர். 2022 இல் நாடு கடனைச் செலுத்த வழியின்றி நின்றதைக் கண்ட நாம் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது: நண்டு விற்ற பணத்தில் களப்போரத்தில் தங்கியது எவ்வளவு? இக்கேள்வியை எழுப்பாத உணவுக் கட்டுரை, எவ்வளவு சுவையாக எழுதப்பட்டாலும், வெறும் விளம்பரமே.

சுவைக்கு நாம் பகைவரல்லர். ஆசிரிய நண்பர்கள் ஒருநாள் ஓர் உணவுப்பட்டியலை வகுப்பறைக்குக் கொண்டுசென்று, அதில் விடுபட்ட பெயர்களை மாணவர்களைக் கொண்டு நிரப்பச் செய்யட்டும். தான் பிடித்த முழு நண்டைத் தன் பிள்ளையின் கோப்பையில் தொழிலாளி இடும் நாளுக்கு அதுவும் ஒரு தொடக்கமே.