முதற்பாடமும் உருவுணர்வும்: கணினி அசைவூட்டக் கலை பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு கலையின் முதற்பாடம் பற்றிய ஆராய்ச்சி, அக்கலையின் முடிந்த படைப்புக்கள் பற்றிய ஆராய்ச்சியினும் சிறியதன்று. முதலிற் கையாளும் பொருளே மாணாக்கனின் கண்ணைப் பழக்குகின்றது. பழகிய கண் பின்னர் எளிதில் மாறுவதில்லை. கணினியில் முப்பரிமாண உருவங்களை அமைத்து அவற்றுக்கு அசைவூட்டும் கலை இந்நாளில் நம் மாணாக்கரை ஈர்த்து வருகின்றது. அக்கலையின் தொடக்கப் பயிற்சி எத்தன்மையது, கண்டியிற் பயிலும் மாணாக்கனுக்கு அது எவ்வாறு அமைதல் தகும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இக்கலைக்குரிய மென்பொருள்களுள் தொடக்கத்தார்க்கு மிக உகந்தது பிளெண்டர். ஒல்லாந்து நாட்டினரான ரொன் ரூசென்டால் உருவாக்கிய இதனை வெளியிட்ட நிறுவனம் 2002ஆம் ஆண்டில் நொடித்துப்போயிற்று. ஆயினும் பயன்படுத்துவோர் ஏழு வாரங்களில் 100,000 யூரோ திரட்டி அதனை மீட்டனர். அன்றுதொட்டு எவரும் விலையின்றிப் பெறத்தக்க பொதுச்சொத்தாக அது விளங்குகின்றது. லத்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இதனைக்கொண்டு ஆக்கிய 'ஃபுளோ' என்னும் உரையாடலற்ற படம் 2025ஆம் ஆண்டில் ஒஸ்கார் விருதும் பெற்றது. எனவே கணினி ஒன்று கிட்டிய மாணாக்கன், விலைமிக்க மென்பொருள் இல்லையே என வருந்த வேண்டுவதில்லை. எஞ்சி நிற்பது பயிற்சி பற்றிய வினாவேயாம்.

இம்மென்பொருளைக் கற்பார் பெரும்பாலோர் முதலிற் செய்வது ஒரு டோனட் பணியாரம். அவுஸ்திரேலியரான அன்ட்ரூ பிறைஸ் காணொளிகள் வாயிலாக வழங்கிய இப்பாடம் உலகெங்கும் பெயர்பெற்றது. அதன் சிறப்புக்களை மறைத்தல் நேர்மையன்று. வளைய உருவம் ஒன்றை எடுத்து, அதன் உச்சிகளை இழுத்து ஒழுங்கின்மை ஊட்டி, மேலே இனிப்புப் பூச்சிட்டு, ஒளியும் ஒளிப்படக் கருவியும் அமைத்துப் படமாக்கி முடிக்கும்போது, தொடக்க மாணாக்கன் அக்கலையின் படிகள் அனைத்தையும் ஒருமுறை தொட்டுவிடுகின்றான். அச்சம் நீக்கும் பாடம் என்ற அளவில் அது பாராட்டுக்குரியது.

குறை யாதெனின், மாணாக்கன் பொருளைப் பார்ப்பதில்லை, பாடத்தையே பார்க்கின்றான். ஆசிரியர் இட்ட எண்ணைத் தானும் இடுகின்றான். அவ்வெண் ஏன் என வினவுவதில்லை. பாடம் நின்றவுடன் அவன் கையும் நின்றுவிடுகின்றது.

இத்துறையின் முன்னோர் இவ்வாறு பயின்றாரல்லர். 1975ஆம் ஆண்டில் யூற்றா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த மார்ட்டின் நியூவெல், தம் இல்லத்துத் தேநீர்க் கெண்டியை நோக்கி வரைந்து, அதன் வளைவுகளைக் கணித்து உருவாக்கினார். அக்கெண்டியே இத்துறையிற் பெரும்புகழ் பெற்ற மாதிரியுருவாயிற்று. அவர் கையாண்டவை, ரெனோ மோட்டார் நிறுவனத்துப் பொறியியலாளர் பியேர் பெசியே 1960களில் வாகன உடல்களை வரைதற்குப் பயன்படுத்திய வளைகோடுகள். நான்கு புள்ளிகளால் ஆளப்படும் அத்தகைய கோடு ஒன்று, ஒருபுறம் வளைந்து மீண்டும் மறுபுறம் வளைய வல்லது.

இவ்விரட்டை வளைவு கண்டி நாட்டிற்குப் புதியதன்று. கண்டிக் கைவினை மரபில் மாணாக்கன் தொடக்கத்திற் பயில்வது 'வக தெக' என்னும் இரட்டை வளைவேயாம். கொடியும் மலரும் அன்னமும் அதிலிருந்தே கிளைக்கும். இம்மரபினை ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலில் விரித்துரைத்தார். ஆகவே கணினித்திரையில் வளைகோட்டின் புள்ளியைப் பற்றி இழுக்கும் மாணாக்கன், தன்னையறியாது இம்மண்ணின் பழைய பாடத்தையே தொடங்குகின்றான். அதனை அவனுக்கு அறிவித்தல் ஆசிரியர் கடன்.

கண்டிக்கு அணித்தாயுள்ள எம்பெக்கே தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. அதன் மரத்தூண்களிற் செதுக்கப்பட்டுள்ள உருவங்களுள் கழுத்துப் பின்னிய இரு அன்னங்கள் புகழ்பெற்றவை. காணுங்கால் அவ்வுருவம் இருபுறமும் ஒத்ததாகத் தோன்றும். தொடக்க மாணாக்கன் ஓர் அன்னத்தை மட்டும் அமைத்து, மென்பொருளின் ஆடிக் கட்டளையால் மற்றதைப் பெற முயல்வான். உடல் சரியாக அமையும். கழுத்துக்களோ நடுவில் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடக்கும். ஏனெனில் பின்னலில் ஒரு கழுத்து மேலேயும் மற்றது கீழேயும் செல்லவேண்டும். நடுக்கோட்டில் நிகழும் இவ்வேற்றுமையை ஆடி அறியாது. எது மேலே செல்வது எனத் தேர்பவன் மாணாக்கனே. உளி பிடித்த தச்சனும் இதனையே தேர்ந்தான். ஆனால் அவனுக்குச் செய்ததை மீட்கும் கட்டளை இருந்ததில்லை. சமச்சீர் போலத் தோன்றும் உருவத்தினுள் சமச்சீரின்மை உறைதலை இவ்வொரு பயிற்சி உணர்த்திவிடும். பணியாரம் இதனை உணர்த்தாது.

அசைவூட்டத்திற்கும் இஃது ஒக்கும். மாணாக்கன் முதன்மையான நிலைகளை வகுக்கின்றான். இடைப்பட்ட நிலைகளைக் கணினி நிரப்புகின்றது. அந்நிரப்பலை அவ்வாறே ஏற்பின் உருவம் நடவாது, மிதக்கும். எசல பெரஹராவில் யானை செல்வதை உற்றுநோக்கின் உண்மை புலனாகும்: ஒரு பக்கத்துப் பின்கால், அதே பக்கத்து முன்கால், பின்னர் மறுபக்கத்துப் பின்கால், அதன் முன்கால் என்பதே நடையின் வரிசை. விரையும்போதும் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டெழுவதில்லை. இதனைக் கண்ணாற் கண்டவனே திரையிலும் யானைக்குப் பாரம் ஊட்டுவான். ரஜினிகாந்த் நடித்து 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோச்சடையான்' நடிகரின் அசைவைக் கருவியாற் பதிந்து ஆக்கப்பட்டது. அரண்மனையும் அணிகலனும் அதில் விரிவாக அமைந்தன. ஆயினும் கண்களில் உயிர்ப்பும் அடிவைப்பிற் பாரமும் குறைந்தே காணப்பட்டன. பதிவு கிடைத்தாலும் உற்றுநோக்கி அதனைத் திருத்தும் கலைஞனின் கை வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

எம்பெக்கே அன்னம் தொடக்கத்தார்க்குக் கடினமன்றோ என வினவுவாரும் உளர். முதலிற் குத்துவிளக்கு, அதன் பக்கவடிவை ஒரு வளைகோடாக வரைந்து அச்சைச் சுற்றிச் சுழற்றினாற் போதும். அடுத்துச் சதுர அடியும் எண்கோண நடுவும் கொண்ட தூண். அதன்பின் அன்னம். இவ்வரிசை படிப்படியானதே. இனி, ஒளிப்படங்களிலிருந்து உருவத்தைக் கணினி தானே கட்டும் காலத்தில் இம்முயற்சி எதற்கு என்பாரும் உளர். அவ்வுருவம் பொருளின் மேற்பரப்பைத் தரும். தேர்வின் காரணத்தைத் தராது. காரணம் அறியாதவன் பழையதைச் சேமிக்கலாம், புதியதொன்றை ஆக்கவியலான்.

நம் மாணாக்கர் பிறர் வகுத்த படிகளைப் பின்பற்றும் பணியாளராக அமைவரோ, உருவத்தைத் தாமே வகுக்கும் கலைஞராக அமைவரோ என்பது முதற்பாடத்திற் பெரிதும் தங்கியுள்ளது. ஆதலின் பணியாரப் பாடத்தை ஒருமுறை செய்து கையச்சம் நீங்குக. பின்னர் கணினியை மூடிவிட்டு, தாளும் அளவுகோலும் கொண்டு அவ்வன்னத்தின் முன் நின்று வரைக. அவ்வரைபடத்தோடு திரும்பும் மாணாக்கனுக்கு மென்பொருள் ஏவல் கேட்கும்.